அசைவும் ஒரு மருந்து



மருந்து என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன குளிசை, கலவை மருந்து, ஊசி, தைலம், கசாயம் என்பனவாம். இவற்றைக் கடையிலே விலைகொடுத்து வாங்கலாம். வைத்தியசாலையிலே வரிசையில் நின்று பெற்றுக்கொள்ளலாம். நோயாளி கண்மூடிப் படுத்திருக்கும்போதே அவருக்குக் கொடுத்தும் விடலாம். ஆனால், கடையில் விற்கப்படாததும், பிறர் ஊட்டிவிட முடியாததும், நோயாளி தாமே முயன்றாலன்றி உடம்பிற் சேராததுமாகிய மருந்து ஒன்று உண்டு. அளவறிந்து செய்யப்படும் அசைவே அம்மருந்து. அதனைக் கையாளும் துறையை இயன்மருத்துவம் என்று அழைக்கின்றோம். பொதுமக்கள் வாயிலே அது பிசியோதெரப்பி என்றே வழங்குகின்றது.

இப்பெயரைக் கேள்விப்பட்டோருள்ளும் பலர், இத்துறையை மின்சாரப் பெட்டியோடும் வெந்நீர்ப் பையோடும் எண்ணெய் தடவி உருவிவிடுதலோடும் மட்டுமே சேர்த்து எண்ணுகின்றனர். சூடும் ஒத்தணமும் கைத்திறனும் இதற்கு உதவுவன என்பது மெய்யே. ஆயினும், நோவைச் சற்றே தணித்து, நோயாளி அசைவதற்கு வழிசெய்து கொடுப்பதோடு அவற்றின் பணி முடிந்துவிடுகின்றது. அதன்பின் நிகழ வேண்டியது நோயாளியின் சொந்த முயற்சியினாலேயே நிகழவேண்டும். இன்றைய பேச்சிலே நான் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான். நம் வீடுகளிலே அன்பின் மிகுதியால் இவ்வுண்மை மறக்கப்படுகின்றது. அதனால், எழுந்து நடமாடியிருக்கக்கூடிய பலர் கட்டிலோடு கட்டிலாய்க் கிடந்து விடுகின்றனர்.

நோய் வந்தால் ஓய்வு வேண்டும் என்பது மிகப் பழைய எண்ணம். அதிலே உண்மையும் உண்டு. முறிந்த என்பு பொருந்தும்வரை அதனை அசையாமல் வைத்தல் வேண்டும். நம் நாட்டு முறிவு நெரிவு வைத்தியர்கள் மட்டை வைத்துக் கட்டுவதும், வைத்தியசாலைகளிலே சாந்துக் கட்டுப் போடுவதும் இதுபற்றியே. லண்டன் மாநகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணராகிய ஜோன் ஹில்ற்றன் என்பவர் ஓய்வைப் பற்றியும் நோவைப் பற்றியும் ஆற்றிய விரிவுரைகள் 1863ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்து, பல தலைமுறை வைத்தியர்களுக்கு வழிகாட்டியாய் நின்றன. ஆனால், காலப்போக்கிலே ஒரு வேறுபாடு மறக்கப்பட்டது. பழுதுற்ற உறுப்புக்கு ஓய்வு என்பது முழு உடம்புக்கும் ஓய்வு என்றாயிற்று. சில நாள் ஓய்வு என்பது பல மாத ஓய்வு என்றாயிற்று. 1947ஆம் ஆண்டிலே றிச்சட் ஆஷர் என்னும் ஆங்கிலேய வைத்தியர், படுக்கையிற் கிடப்பதனால் விளையும் ஆபத்துக்களை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டிப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலே ஒரு கட்டுரை வரைந்தார். அக்கட்டுரை இன்றும் மருத்துவ மாணவர்களாற் படிக்கப்படுகின்றது.

படுக்கையிலே கிடக்கும் உடம்பில் என்ன நிகழ்கின்றது? நம் உடம்பு சிக்கனமான குடித்தனக்காரனைப் போன்றது. பயன்படாத பொருளுக்கு அது செலவு செய்வதில்லை. தசைக்கு வேலை இல்லையென்றால் தசை மெலிகின்றது. உடற்பாரத்தைத் தாங்காத என்பு தன் சுண்ணாம்புச் சத்தை இழக்கின்றது. மடங்கி நிமிராத மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுகள் சுருங்கி இறுகுகின்றன. கால்களிலே குருதி தேங்கி உறைய இடமுண்டு. நெஞ்சிலே சளி தேங்கி நியூமோனியாக் காய்ச்சல் வர இடமுண்டு. முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் உண்டாகின்றது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற முதியோர் சிலரைப் 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்தனர். அந்தப் பத்து நாட்களுள் அவர்களுடைய கால்கள் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் தசையை இழந்துவிட்டன. நல்ல உடம்புக்கே இந்நிலையானால், நோயுற்ற உடம்பு இழப்பது எவ்வளவாயிருக்கும்!

அசைவை மருந்தாக ஆளும் இக்கலை ஒரு நாளிலே தோன்றியதன்று. 1813ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமில், பேர் ஹென்றிக் லிங் என்பவர் அரசாங்க ஆதரவோடு உடற்பயிற்சிக் கழகமொன்றை நிறுவினார். பயிற்சியை நோய் நீக்கும் நெறியாக ஒழுங்குபடுத்தியோருள் அவர் முதன்மையானவர். 1894ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தாதியர் நால்வர் சேர்ந்து, இத்தொழிலுக்கு ஒழுங்கும் தகுதியும் வேண்டுமென்று ஒரு சங்கம் அமைத்தனர். பின்னர் வந்த இரு உலகப் போர்களும், கைகால் பழுதுற்றுத் திரும்பிய இளைஞர்களை ஆயிரக்கணக்கில் வைத்தியசாலைகளிலே கொண்டுவந்து குவித்தன. அவர்களை மீண்டும் தொழிலுக்கு அனுப்பவேண்டிய தேவையினால் இத்துறை விரைந்து வளர்ந்தது. 1951ஆம் ஆண்டிலே, 11 நாடுகளின் சங்கங்கள் கொப்பன்ஹேகன் நகரிற் கூடி உலகக் கூட்டமைப்பொன்றை நிறுவின. அது நிறுவப்பட்ட செப்டெம்பர் 8ஆம் நாளே இப்போது உலக இயன்மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இவ்வரலாற்றிலே இளம்பிள்ளைவாதத்துக்கும் ஓர் இடமுண்டு. முன்னாளிலே அந்நோய் கண்ட குழந்தைகளின் கைகால்களை மட்டை கட்டி மாதக்கணக்கில் அசையாமல் வைப்பது வழக்கம். அவுஸ்திரேலியத் தாதியாகிய எலிசபெத் கெனி அம்மையார் இதற்கு நேர்மாறாக, கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தணம் கொடுத்து, அவ்வுறுப்புக்களை மெல்ல மெல்ல அசைத்துப் பழக்கினார். 1940ஆம் ஆண்டிலே அவர் அமெரிக்காவுக்குச் சென்று தம் முறையைப் பரப்பினார். நோய்க்கு அவர் கூறிய காரணங்களை வைத்தியர்கள் முற்றாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் மட்டைகள் அவிழ்ந்தன; குழந்தைகள் அசைந்தனர். நம் நாட்டிலே 1993ஆம் ஆண்டின் பின் அந்நோய் காணப்படவில்லை. அது கற்பித்த பாடம் மட்டும் பிற நோய்களுக்கு இன்றும் உதவுகின்றது.

இனி, நாம் நாள்தோறும் காணும் சில துன்பங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கணுக்காற் சுளுக்கு. வரம்பிலே கால் இடறியோ, பஸ் வண்டியிலிருந்து இறங்கும்போது பாதம் புரண்டோ, பந்தாட்டத்திலோ இது நேர்கின்றது. என்புகளைப் பிணைத்து நிற்கும் நார்கள் இழுபட்டு வீக்கமும் நோவும் உண்டாகின்றன. முதலில் அறியவேண்டியது என்பு முறிந்ததா இல்லையா என்பதே. கனடாவின் ஒட்டாவா நகரத்து வைத்தியர்கள் 1992ஆம் ஆண்டிலே இதற்கு எளிய விதிகளை வகுத்தனர். நான்கு அடி எடுத்துவைக்க முடியாமற் போனாலோ, கணுக்காலின் இருபக்க என்பு முனைகளிற் பின்புறமாக அழுத்தும்போது கடுமையாக நொந்தாலோ, எக்ஸ்கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். பாதத்தின் நடுப்பகுதி என்புகளில் நோவிருந்தாலும் அவ்வாறே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

முறிவு இல்லையென்று தெளிந்தபின், முதல் ஓரிரு நாள் காலை உயர்த்தி வைத்து, துணியால் அளவாகச் சுற்றி, பாரத்தைக் குறைத்தல் நன்று. 1978ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின் ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தல் என நான்கு விதிகளைக் கூறினார். அவை உலகெங்கும் பரவின. ஆனால், நெடிய ஓய்வும் பனிக்கட்டியும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014ஆம் ஆண்டளவிலே அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆகவே, நோவு தாங்கும் அளவிற்குள் விரைவில் பாதத்தை மேலும் கீழும் அசைக்கத் தொடங்கவேண்டும். பின்பு ஊன்றி நடக்கவேண்டும். இதனோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பாதம் எந்த நிலையில் இருக்கின்றது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நுண்ணிய உணர்வு ஒன்று அந்நார்களிலே உண்டு. சுளுக்கினால் அவ்வுணர்வு மழுங்குகின்றது. நோவு தீர்ந்தும் அதே கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவதற்கு இது ஒரு காரணம். சுவரோரமாக ஒற்றைக் காலில் நின்று பழகுதல் இதற்கு நல்ல பயிற்சி. முதலிற் கண்ணைத் திறந்துகொண்டும், பின்பு மூடிக்கொண்டும் சில கிழமைகள் இதனைச் செய்தால் அவ்வுணர்வு மீளும்.

இரண்டாவது நாரி நோவு. உலகிலே மக்களை முடக்கும் காரணங்களுள் இதுவே முதலிடம் வகிக்கின்றது. 2020ஆம் ஆண்டிலே ஏறக்குறைய 62 கோடி மக்கள் இதனால் வருந்தினர் என்று கணக்கிட்டுள்ளனர். நாற்று நடும் பெண்ணும், கொழுந்துக் கூடையைச் சுமக்கும் தோட்டத் தொழிலாளியும், மூட்டை தூக்குபவரும், நாள் முழுதும் கதிரையில் அமர்ந்து எழுதுபவரும் இதற்கு விலக்கல்லர். நாரி பிடித்துக்கொண்டால் பலகையிலே மல்லாந்து கிடக்கவேண்டும் என்பது பலரின் முடிவு. 1986ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் 203 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 2 நாளும், மற்றப் பிரிவினரை 7 நாளும் படுத்திருக்குமாறு கூறினர். இரு பிரிவினரும் ஒரே அளவில் குணமடைந்தனர். இரண்டு நாள் ஓய்வு விதிக்கப்பட்டோர் வேலைக்குப் போகாது நின்ற நாட்கள் மட்டும் நூற்றுக்கு 45 வீதம் குறைவாயிருந்தன. 1995ஆம் ஆண்டிலே பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர் 186 பேரைக்கொண்டு நடந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. படுக்கையிற் கிடந்தோரைவிடவும், அந்நோவின் நடுவிலேயே தனிப் பயிற்சிகள் செய்தோரைவிடவும், இயன்ற அளவில் அன்றாட வேலைகளைச் செய்துவந்தோரே விரைந்து தேறினர்.

இவ்விடத்திலே நாம் ஒன்றை உணர்தல் வேண்டும். நோவின் அளவும் பழுதின் அளவும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை. எம்.ஆர்.ஐ. படத்திலே முள்ளந்தண்டுத் தட்டு பிதுங்கியிருக்கின்றது என்று கேட்டவுடன் பலர் தம் வாழ்வே முடிந்ததென்று கலங்குகின்றனர். 1994ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வில், நாரி நோவே இல்லாத 98 பேரைப் படமெடுத்தபோது, அவர்களுட் பாதிப்பேருக்கு மேற்பட்டோரிடம் தட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. தலைநரையைப் போன்றே முள்ளந்தண்டுக்கும் ஒரு நரை உண்டு என்க. ஆனால், அஞ்சவேண்டிய அறிகுறிகளும் உள்ளன. மலசலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சலம் போகாமல் அடைபடுதல், தொடையிடுக்கிலே உணர்ச்சி மரத்தல், கால் வலுவிழந்துகொண்டே போதல், காய்ச்சலோடு நோவு, காரணமின்றி உடல் மெலிதல், விழுந்தபின் தோன்றிய கடுநோவு என்பன கண்டால், பயிற்சியைத் தேடாமல் உடனே வைத்தியசாலையை நாடவேண்டும். முதலிரண்டு குறிகளும் கண்டவர்க்கு ஒரு நாள் தாமதமும் தீங்காகும்.

மூன்றாவது முழங்கால் வாதம். ஐம்பது வயதைக் கடந்த பலருக்கு, நிலத்திலிருந்து எழும்போதும் படியேறும்போதும் முழங்கால் நோகின்றது. மூட்டுத் தேய்ந்துவிட்டது, இனி நடந்தால் மேலும் தேயும் என்று அஞ்சி நடையைக் குறைக்கின்றனர். வண்டிச் சில்லுத் தேய்வதுபோல மூட்டும் தேயும் என்று எண்ணுவதால் வரும் பிழை இது. மூட்டிலுள்ள குருத்தென்புக்குள் குருதிக் குழாய்கள் இல்லை. பாரம் ஏறும்போது பிழியப்பட்டும், இறங்கும்போது நீரை உறிஞ்சியும், கடற்பஞ்சு போல அது தன் உணவைப் பெறுகின்றது. ஆதலின் அசைவே அதன் ஊட்டம். தொடையின் முன்புறத் தசை வலுப்பெற்றால் மூட்டின் சுமையை அது ஏற்றுக்கொள்ளும். உடற்பாரமும் கருதத்தக்கது. ஒரு கிலோகிராம் எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் ஏறும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோகிராம் குறைகின்றது என்று 2005ஆம் ஆண்டிலே கணித்துள்ளனர். கனடாவில் 2008ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்றில், இந்நோய் கண்ட 178 பேருட் சிலருக்கு இயன்மருத்துவத்தோடும் மருந்தோடும் குழாய்வழிச் சத்திரசிகிச்சையும் செய்யப்பட்டது. ஏனையோருக்கு இயன்மருத்துவமும் மருந்தும் மட்டுமே அளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டின் முடிவிலே இரு சாராருக்கும் வேறுபாடு இருக்கவில்லை. மூட்டு முற்றாகச் சிதைந்தோருக்குச் செயற்கை மூட்டு வைத்தல் பெரும் பயன் தருவதே. அவர்களுக்கும் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் பயிற்சி வேண்டும்.

பயிற்சி யாது? கைபிடியில்லாத உறுதியான கதிரையொன்றிலே அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, பின்பு மெதுவாக அமர்தல். முதலிற் கை ஊன்றி ஐந்து முறை செய்தாலும் போதும். கிழமைக்குக் கிழமை ஒன்றிரண்டாகக் கூட்டிக்கொள்ளலாம். எழும்போது சிறிது நோவது இயல்பு. அந்நோவு மறுநாட் காலைக்குள் பழைய நிலைக்குத் தணிந்துவிடுமாயின் அளவு சரியானது. தணியாமல் நிலைத்தாலோ, மூட்டு வீங்கினாலோ அளவைக் குறைக்கவேண்டும். பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. மருந்துக்கு மாத்திரை அளவு உண்டு, பத்தியம் உண்டு. இம்மருந்துக்கும் அவ்வாறே அளவும் ஒழுங்கும் உண்டு.

தோள்மூட்டு இறுகிப்போதல் இன்னொன்று. நீரிழிவுள்ளோருக்கு இது மிகுதியாக வருகின்றது. தலைவாரவும் சட்டை போடவும் முடியாமற் கை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நோவுக்கு அஞ்சிக் கையைத் தொங்கவிட்டே வைத்திருந்தால் இறுக்கம் மிகும். சுவரிலே விரல்களால் மெல்ல மெல்ல ஏறிச் செல்லுதலும், வளையிலே ஒரு கப்பியைக் கட்டிக் கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் இழுத்து மறுகையை உயர்த்துதலும் இதற்குப் பயிற்சிகள். கிணற்றடியிலே பழகிய கப்பி வைத்தியத்துக்கும் உதவுகின்றது. குணமடைய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். பொறுமை வேண்டும்.

இனி, நம் வீடுகளிலே பெருந்துயர் விளைக்கும் பாரிசவாதத்துக்கு வருவோம். மூளையிலே குருதி தடைப்பட்டோ கசிந்தோ உடலின் ஒரு பக்கம் செயலிழந்து போகின்றது. முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அந்நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். உயிர் பிழைத்து வீடு திரும்பியபின் தொடங்குகின்றது நெடும்பயணம். இறந்துபட்ட மூளைக் கலங்கள் மீள்வதில்லை. எனினும், எஞ்சியுள்ள மூளை புதிய வழிகளைக் கற்றுக்கொள்ள வல்லது. கற்பதற்குப் பயிற்சி வேண்டுமன்றோ! வலுவிழந்த கையால் முயன்று தோற்கும் நோயாளி, நாளடைவிலே அக்கையை மறந்து நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுகின்றார். அக்கையின் ஆற்றல் சிறிது மீண்டபின்னும் அது சும்மா கிடக்கின்றது. எட்வேட் ரோப் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை ஆராய்ந்து, நல்ல கைக்கு உறையிட்டுக் கட்டுப்படுத்தி, பழுதுற்ற கையைக்கொண்டே வேலை செய்யப் பழக்கும் முறையை வகுத்தார். 2006ஆம் ஆண்டிலே, ஓரளவு அசைவு எஞ்சிய 222 நோயாளரிடம் அம்முறை சோதிக்கப்பட்டது. இரண்டு கிழமைப் பயிற்சியால் விளைந்த பயன் ஓராண்டின் பின்னும் நிலைத்திருக்கக் கண்டனர்.

ஆயினும், அசைவு நல்லதென்றால் எவ்வளவுக்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லதென்று எண்ணலாகாது. 2015ஆம் ஆண்டிலே ஐந்து நாடுகளின் 56 வைத்தியசாலைகளில் 2104 நோயாளரைக்கொண்டு பெரியதோர் ஆய்வு வெளியாயிற்று. பாரிசவாதம் கண்ட 24 மணித்தியாலத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாடச் செய்யப்பட்டோர், வழக்கமான முறையிற் பராமரிக்கப்பட்டோரைவிடச் சிறிது குறைவாகவே தேறினர். மருந்தென்றால் மிகையும் நஞ்சாகும் என்பதற்கு இது சான்று. அளவை அறிந்து விதிப்பதே இயன்மருத்துவரின் கல்வி.

இங்கேதான் வீட்டாரின் அன்பு சோதனைக்குள்ளாகின்றது. தந்தையார் ஒருவர் பாரிசவாதத்தால் வீழ்ந்து வீடு திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். மகள் சோறு ஊட்டிவிடுகின்றாள். மனைவி சட்டை போட்டுவிடுகின்றாள். பேரன் செம்பிலே தண்ணீர் கொண்டுவந்து வாயருகே பிடிக்கின்றான். ஒருவரும் குறைவைக்கவில்லை. ஆனால், அவர் நாளொன்றுக்குச் செய்திருக்கக்கூடிய நூறு முயற்சிகளை அவர்கள் அன்பினாலே எடுத்துக்கொண்டு விட்டனர். அவர் ஊட்டாமல் உண்ண முயன்றால் சோறு சிந்தும், அரைமணித்தியாலம் செல்லும், பார்ப்போர் நெஞ்சு பொறாது. அச்சிந்திய சோற்றிலேதான் அவர் குணம் இருக்கின்றது. விழுங்கும்போது புரையேறாதென்று வைத்தியர் கூறியபின், அவர் தாமே உண்ணட்டும். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டால் அதுவே பேருதவி. இன்னொன்றும் நினைவில் வைக்கவேண்டும். அவரை எழுப்பும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கலாகாது. தோள்மூட்டு நழுவி, தீராத நோவு உண்டாகும்.

கால் இழந்தோரின் நிலையும் இத்தகையதே. முப்பதாண்டுப் போர் நம் நாட்டிலே எத்தனையோ பேரின் கால்களைக் கொண்டுபோயிற்று. 2009ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்த பின்னரும், நீரிழிவினால் கால் அகற்றப்படுவோர் உளர். முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டவருக்கு, இரக்கத்தினால் முழங்காலின்கீழ்த் தலையணை வைக்கின்றோம். அத்தலையணையே அவருக்குப் பகையாகின்றது. மடங்கியபடியே முழங்கால் இறுகிவிட்டால், பின்னர் செயற்கைக் கால் பொருத்தினாலும் நேராக நிற்க முடியாது. காலை நீட்டி வைத்து, நாள்தோறும் சில பொழுது குப்புறப் படுத்து, தொடைத் தசைகளை வலுப்படுத்திக் காத்திருப்பவரே செயற்கைக் காலோடு நடக்கின்றார். 1968ஆம் ஆண்டளவிலே இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே வைத்தியர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் சேர்ந்து இறப்பராலே ஒரு பாதத்தை அமைத்தனர். சப்பாத்து இல்லாமல் நடக்கவும், சேற்று வயலில் இறங்கவும், குந்தியிருக்கவும், சம்மணம் கொட்டவும் அது இடந்தந்தது. நம்மவர் வாழ்க்கை முறைக்கு இசைந்த அக்காலை, 1987ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையமும் செய்து வழங்கி வந்திருக்கின்றது. காலைச் செய்து கொடுப்பது ஒரு பாதி. நடக்கக் கற்பிப்பது மறுபாதி.

இவற்றையெல்லாம் கேட்டு, பிழைப்புக்காக நாள் முழுதும் உடம்பை வருத்துவோருக்கு இன்னும் பயிற்சியா என்று சில நேயர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. நாள் முழுதும் குனிந்து நிற்பவரின் உடம்பு ஒரே அசைவை ஆயிரம் முறை செய்கின்றது. மற்ற அசைவுகளை அறவே மறக்கின்றது. அவருக்கு வேண்டியது அதே உழைப்பிலே இன்னும் கொஞ்சமன்று, மாறான அசைவும் இடையிடையே சிறு ஓய்வுமாகும். அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பிலே ஊன்றிப் பின்னாகச் சாய்தலும் ஒரு பயிற்சியே. அடுப்பை இடுப்பளவு உயர்த்திக் கட்டுதல், பெரிய குடத்துக்குப் பதிலாக இரு சிறு வாளிகளை இரு கையிலும் ஏந்துதல், மூட்டையைப் பகுத்துக் கட்டுதல் என்பனவும் மருத்துவமே. வேலையை மாற்ற முடியாத தொழிலாளியைப் பார்த்து உன் நாரியை நீயே திருத்திக்கொள் என்று சொல்லிவிடுவது அறமன்று. வேலை கொடுப்போரும் இதிலே தம் பங்கை உணரவேண்டும்.

எட்டாத இடங்களில் வாழ்வோருக்கு இன்னொரு தடையும் உண்டு. இயன்மருத்துவர்கள் பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளிலேயே இருக்கின்றனர். இரண்டு பஸ் ஏறிக் கிழமைக்கு மூன்று முறை வருவது ஏழை நோயாளிக்கு இயலாது. ஆகவே, ஒருமுறை சென்றாலும் அதனை முழுதும் பயன்படுத்திக் கொள்ளுங்கள். வீட்டிலே நோயாளியைப் பராமரிப்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எவ்வளவு நோவு வரலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் முன்னிலையிலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். வீட்டிலே நாள்தோறும் தவறாத ஒரு செயலோடு பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலைத் தேநீருக்கு முன் ஒருமுறை, விளக்கேற்றிய பின் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறவாது. நோவு குறைந்த மறுநாளே பயிற்சியை விட்டுவிடுவோரிடமே நோவு மீண்டும் வருகின்றது.

பழைய எண்ணெய்த் தைலங்களையும் முறிவு நெரிவு வைத்தியத்தையும் நான் இகழவில்லை. எண்ணெய் பூசி உருவிவிடும் கையிலே நோவு தணிகின்றது, நம்பிக்கை பிறக்கின்றது. ஆனால், கட்டின் கீழே விரல்கள் நீலமாகியோ மரத்தோ போனால் அக்கட்டை உடனே தளர்த்தி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். எவ்வைத்தியத்தை நாடினாலும், கட்டு அவிழ்ந்த நாளே குணமான நாள் என்று எண்ணிவிடலாகாது. மாதக்கணக்கிற் கட்டுக்குள் இருந்து மெலிந்த தசைக்கும் இறுகிய மூட்டுக்கும் அன்றுதான் வேலை தொடங்குகின்றது.

நேயர்களே, இப்பேச்சு முடிந்தபின் உங்களுட் சிலர் நோயுற்ற ஒருவரின் கட்டிலருகே செல்லக்கூடும். அவர் ஏதேனும் கேட்டால் ஓடிச்சென்று எடுத்துக் கொடுக்குமுன், அவர் தாமே எட்டி எடுக்கக்கூடுமா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கூடுமென்றால், அதனை அவர் கைக்கு எட்டும் தூரத்திலே வைத்துவிட்டு, விழாமல் தாங்கிக்கொள்ளப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் முயலட்டும்.